உழைக்கும் காலுக்கு உறுதியான பேண்ட்

சந்தையில் மண்சட்டி வாங்குகிறோம். தட்டிப் பார்க்கிறோம்.
மண்வெட்டி வாங்குகிறோம். காம்பை ஆட்டிப் பார்க்கிறோம்.
கத்தரிக்காய் வாங்கினாலும் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம்.

வேலைக்குப் பேண்ட் வாங்கும்போது? "என்ன விலை?" என்று மட்டும் கேட்கிறோம்.

உழைப்பவருக்குப் பேண்டும் ஒரு கருவிதான். அது கம்பியில் உரசும். கல்லில் தேயும். வியர்வையில் ஊறும். அதனால் அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அப்படி ஒரு கட்டடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கம்பி கட்டும் இளைஞர் ஒருவர் கிழிந்த பேண்டைத் தைக்கிறார். மேஸ்திரி அருகே வருகிறார்.

மேஸ்திரி: என்ன தம்பி, மறுபடியும் கிழிஞ்சிடுச்சா?

தம்பி: ஆமாண்ணே. முட்டியில தச்சேன். இப்ப தொடை இடுக்குல போயிடுச்சு. வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு.

மேஸ்திரி: என்ன விலைக்கு வாங்கினே?

தம்பி: 400 ரூபாய். 840 ரூபாயில கெட்டித் துணியும் இருந்துச்சு. கட்டுப்படியாகாதுன்னு விட்டுட்டேன்.

மேஸ்திரி: ஒரு பேண்ட் நாலு மாசம் வந்தா வருசத்துக்கு எத்தனை வேணும்?

தம்பி: மூணு. அப்படின்னா 1,200 ரூபாய்!

மேஸ்திரி: அந்தக் கெட்டித் துணி ஒரு வருசம் உழைச்சா?

தம்பி: 840 ரூபாய்தான். 360 ரூபாய் மிச்சம்.

மேஸ்திரி: அதுக்காக விலை கூடினதெல்லாம் நல்லதுன்னு நினைக்காதே. துணியையும் தையலையும் பார்க்கணும்.

பக்கத்தில் இருந்த சித்தாள் அக்காவும் பேச்சில் சேர்ந்தார்.

அக்கா: புடவை கட்டிக்கிட்டு சாரம் ஏறினா கால் தடுக்குது அண்ணே. நாங்களும் பேண்ட் போடலாமா?

மேஸ்திரி: தாராளமா போடும்மா. கீழே விழுந்தா ஆணுக்கும் அடிதான், பெண்ணுக்கும் அடிதான். பொம்பளைங்களுக்குன்னு விக்கிற பேண்ட் பலதும் மெல்லிசா இருக்கும். கெட்டித் துணி எடுத்துத் தையல்காரர்கிட்ட அளவு குடுத்துத் தச்சுக்க.

துணியைப் பாருங்கள்

துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் சல்லடை போலத் தெரிந்தால் நெசவு நெருக்கமில்லை. அது சீக்கிரம் நைந்துபோகும்.

அடுத்து நெசவைப் பாருங்கள். சில துணியில் சாய்வான கோடுகள் தெரியும். ஜீன்ஸ் துணியிலும் டிரில் துணியிலும் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். நெருக்கமாக நெய்த இந்த வகைத் துணி தேய்மானத்தைத் தாங்கும்.

இப்போது ரப்பர் போல இழுபடும் ஜீன்ஸ் நிறைய விற்கிறார்கள். அதில் மெல்லியதாக இருப்பது கடின வேலைக்கு உழைக்காது.

பேண்டின் உள்ளே ஒரு சிறு சீட்டு தைத்திருப்பார்கள். அதில் எண்கள் இருக்கும். 100 என்று மட்டும் இருந்தால் ஒரே வகை நூல். 65, 35 என்று இருந்தால் இரண்டு வகை நூல் கலந்தது. "எது பருத்தி? எது பாலியெஸ்டர்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உங்களுக்கு எண் படிக்கத் தெரியும். தயங்காமல் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மடிப்பின் உள்ளேயிருந்து ஒரு நூலை உருவுங்கள். இடுக்கியில் பிடித்துத் திறந்த இடத்தில் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பருத்தி நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல ஆகும்.

தையலைப் பாருங்கள்

துணி நன்றாக இருந்து தையல் மோசமாக இருந்தால் பயனில்லை. பேண்டை உள்புறமாகத் திருப்புங்கள். தொடை இடுக்கைப் பாருங்கள். அங்கே இரட்டைத் தையல் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தையலை இழுத்துப் பாருங்கள். இடைவெளி விட்டுப் பல்லைக் காட்டினால் வாங்க வேண்டாம்.

பாக்கெட்டின் முனைகளையும் பாருங்கள். சுத்தி, கொறடு போடும் பாக்கெட் முதலில் முனையில்தான் கிழியும். அங்கே நெருக்கமான தையலோ குமிழ் ஆணியோ இருக்க வேண்டும்.

அந்தக் குமிழ் ஆணிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். தொழிலாளிகளின் பேண்ட் பாக்கெட் அடிக்கடி கிழிந்தது. அவர் பாக்கெட் முனைகளில் செப்புக் குமிழ் ஆணி அடித்தார். பாக்கெட் கிழியவில்லை. அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று உலகமே போடும் ஜீன்ஸ், உழைப்பவருக்காகப் பிறந்த உடைதான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மும்பையில் டோங்ரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயரால் ஒரு முரட்டுப் பருத்தித் துணி விற்றது. அதிலிருந்துதான் வேலை உடையைக் குறிக்கும் "டங்கரி" என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது.

போட்டுப் பாருங்கள்

கடையில் நின்று கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது. தரையில் குந்தி உட்காருங்கள். படி ஏறுவது போல ஒரு காலைத் தூக்குங்கள். தொடையில் இறுக்கினால் அந்த அளவு வேண்டாம். இறுக்கமான பேண்ட் குனியும்போது கிழியும். கால் நுனி தரையில் இழுபடவும் கூடாது. தடுக்கி விழ நேரும்.

பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். துணி எடுத்துத் தைப்பதானால் முதலில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

வேலைக்கு ஏற்ற பேண்ட்

மூட்டை தூக்குபவர்களுக்கும் மண் வேலை செய்பவர்களுக்கும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கெட்டித் துணி ஏற்றது. அது தேய்மானத்தைத் தாங்கும். சீக்கிரம் காயும்.

வெல்டிங் வேலைக்கு அந்தத் துணி ஆகாது. நெருப்புப் பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காயம் ஆழமாகும். வெல்டிங் செய்பவர்கள் கெட்டியான முழுப் பருத்தித் துணி அணிய வேண்டும். பருத்தியும் தீப்பிடிக்கும். ஆனால் உருகி ஒட்டாது. பேண்டின் நுனியை மடித்துவிடக் கூடாது. மடிப்பில் பொறி தங்கும். பூட்ஸுக்குள் செருகவும் கூடாது. பொறி உள்ளே விழும்.

கான்கிரீட் வேலையில் வேறொரு ஆபத்து உண்டு. ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். முதலில் வலி தெரியாது. சில மணி நேரத்தில் புண்ணாகிவிடும். எவ்வளவு கெட்டித் துணியும் ஈரச் சிமெண்டைத் தடுக்காது. ரப்பர் பூட்ஸ் வேண்டும். பேண்ட் நனைந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் காலைக் கழுவுங்கள். எரிச்சலோ புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஓடும் இயந்திரத்தின் அருகே தொங்கும் நாடாவும் அகலமான கால் நுனியும் ஆகாது. இயந்திரம் துணியை இழுத்தால் காலையும் சேர்த்து இழுக்கும். ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுபவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. உங்கள் வேலை இடத்தில் வேலை உடை தருகிறார்களா? மேஸ்திரியிடம் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

அதிக நாள் உழைக்க

சிமெண்ட் பட்ட பேண்டை அன்றே அலசுங்கள்.
உள்புறம் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.
முட்டி நைந்துபோகும் முன்பே உள்ளே ஒட்டுத் துணி வைத்துத் தையுங்கள். பழைய பேண்டின் துணியே போதும்.
முடிந்தால் இரண்டு பேண்ட் வைத்து மாற்றி மாற்றி அணியுங்கள்.

பேசுவோம், செய்வோம்

1. ஒரு பேண்ட் 450 ரூபாய். 5 மாதம் உழைக்கும். இன்னொன்று 900 ரூபாய். 15 மாதம் உழைக்கும். எது லாபம்? கணக்குப் போடுங்கள்.
2. வெல்டிங் செய்பவர் ஏன் பாலியெஸ்டர் பேண்ட் அணியக் கூடாது?
3. ஈரச் சிமெண்டில் பேண்ட் நனைந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் பேண்டின் உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள். அதிலுள்ள எண்களை நோட்டில் எழுதுங்கள்.
5. உங்கள் வேலையில் பேண்ட் முதலில் எங்கே கிழிகிறது? மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.