நடுங்கும் விரலுக்கும் மங்கும் கண்ணுக்கும் ஏற்ற கணினி

கேள்வி: கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கணினியில் தமிழ் எழுத்துகள் பொடியாகத் தெரிகின்றன. கை நடுக்கத்தால் ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுகிறது. வழி உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இரண்டுக்குமே விண்டோஸில் வழி இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் விசையோடு 'யு' விசையை அழுத்தினால் அக்சஸிபிலிட்டி பக்கம் திறக்கும்.

அங்குள்ள டெக்ஸ்ட் சைஸை 225 சதவீதம் வரை உயர்த்தலாம். பிரவுசர் பக்கங்களைப் பெரிதாக்க கன்ட்ரோலுடன் கூட்டல் குறி. திரையில் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்க விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறி. எழுத்து பெரிதாகட்டும் என்று திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது தவறு. எழுத்து மங்கி, புள்ளியும் சுழியும் குழம்பி, ன, ண வேறுபாடே தெரியாமல் போகும்.

படிப்பதே சிரமமானால் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் வாசிக்கும். 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலை அதில் சேர்த்துக்கொள்ளலாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ மென்பொருளும் இலவசமே. ஆனால் யூனிகோடில் உள்ள தமிழைத்தான் இவை வாசிக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வெறும் உளறலாகக் கேட்கும்.

கை நடுக்கத்துக்கு உதவுவது ஃபில்டர் கீஸ். இதில் இரண்டு வகை உண்டு. பவுன்ஸ் கீஸ், அடுத்தடுத்து விழும் ஒரே விசையைப் புறக்கணிக்கும். ஸ்லோ கீஸ், சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்தை ஏற்கும். விரல் தவறிப் பட்ட விசைகள் பதிவாகா. தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ் 99 விசைப்பலகை முறையில் 'க' விசையை இருமுறை தட்டினால்தான் 'க்க' வரும். பவுன்ஸ் கீஸ் நேரத்தை இரண்டு வினாடி என்று வைத்தால் 'பக்கம்', 'அப்பா' என்று ஒவ்வொரு இரட்டை மெய்க்கும் காத்திருக்க நேரும். எனவே அரை வினாடியில் தொடங்குவதே நல்லது. அதுவும் இடைஞ்சலானால் ஸ்லோ கீஸ் மேல்.

1999இல் தமிழக அரசு ஏற்ற இந்தத் தமிழ் 99 விசைப்பலகையில் ஒரு வசதியும் உண்டு: கிரந்த எழுத்துகள் தவிர மற்றவற்றுக்கு ஷிஃப்ட் தேவையில்லை. 'ஜ', 'ஷ' அடிக்க, ஷிஃப்டை ஐந்து முறை தட்டி ஸ்டிக்கி கீஸை இயக்கிக்கொண்டால் இரு விசைகளை ஒருசேரப் பிடிக்க வேண்டியதில்லை.

வலப்பக்க ஷிஃப்டை எட்டு வினாடி பிடித்தாலே ஃபில்டர் கீஸை இயக்கவா என்று கணினி கேட்கும். தெரியாமல் 'ஆம்' சொல்லிவிட்டு, கீபோர்டு பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

பெரியவர்களுக்கு இவற்றை அமைத்துத் தரும் பிள்ளைகள், அவர்களையே 'பக்கம்' என்று ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பார்த்த பிறகு பவுன்ஸ் கீஸ் நேரத்தை முடிவு செய்யட்டும்.