சினைக் குதிரையும் ஹார்மோன் சோதனையும்

கேள்வி: எங்கள் பெட்டைக் குதிரை சினையாக இருக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்து, ஆண் குட்டியா பெண் குட்டியா என்று சொல்ல முடியுமா?

பதில்: அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். சினைக் குதிரைக்கு ஈஸ்ட்ரோஜன் எகிறக் காரணமே வயிற்றிலுள்ள குட்டிதான். ஏழெட்டு மாதத்தில் கருவின் விந்தகமோ சூலகமோ தாயின் சூலகத்தைவிடப் பெரிதாகிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத விஷயம் இது. கருவின் அந்த உறுப்பு சுரப்பதை நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண், பெண் இரண்டுக்கும் இதே கதைதான். பிறகு அளவை வைத்து எப்படிப் பிரிப்பது?

ஸ்கேன்தான் வழி. சினை பிடித்த 60 முதல் 70 நாளுக்குள், கைதேர்ந்த கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியே ஸ்கேன் செய்து கருவின் பிறப்புறுப்பு மொட்டைத் தேடுவார். தொப்புள்கொடிப் பக்கம் இருந்தால் ஆண். வால் பக்கம் இருந்தால் பெண்.