சேற்றில் மறைந்திருக்கும் காய்ச்சல்

2021 ஆகஸ்டு 18ஆம் நாள் குனோங் ஜெராய் மலையில் கனமழை பெய்து, திடீர் வெள்ளம் ஏற்பட்டது. யான், மெர்போக் வட்டாரங்களில் வீடுகளுக்குள் சேறும் மரக்கட்டைகளும் புகுந்தன. பீடோங்கும் அம்மலைக்கு அருகிலுள்ள ஊர்தான். இத்தகைய வெள்ளம் வடிந்ததும் மக்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாகத் துப்புரவுப் பணியில் இறங்குவர். பலர் வெறுங்காலோடுதான் சேற்றில் நிற்பர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி வாழக்கூடும். அதனால் எலிக்குப் பெரும்பாலும் துன்பம் இல்லை. வழக்கம்போல் ஓடித் திரியும். அதன் சிறுநீரோடு வெளியேறும் கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். எலி கடிக்க வேண்டியதில்லை. மனிதரின் காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலே போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி நுழையும். இதனால் வரும் நோயையே எலிச் சிறுநீர் நோய் என்கின்றனர். நாய், மாடு, பன்றி ஆகியவையும் இக்கிருமியைப் பரப்பக்கூடும்.

தோட்டங்களிலும் இந்த ஆபத்து உண்டு. செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைத் தேடி எலிகள் வரும். அதே பழங்களைப் பொறுக்கும் கைகளில் முள் குத்திய காயங்கள் இருக்கும். கையுறையும் ரப்பர் பூட்ஸும் அணிந்தால் வெயிலில் வியர்த்துக் கொட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அவற்றைக் கழற்றுவது நல்லதன்று. எலிகளைக் குறைக்கச் சில தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டிக் கூடுகள் வைக்கின்றனர். கூகையின் அலறலைக் கெட்ட சகுனமாக எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். தோட்டத்திற்கோ அது சம்பளம் கேட்காத காவலாளி.

கிருமி நுழைந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல் வரும். தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவையும் சேரலாம். அதற்குள் சேற்றில் நின்றதே மறந்துபோயிருக்கும். இரண்டு காய்ச்சல் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவர். கிளினிக்குக்குச் சென்றாலும், டிங்கிக் காய்ச்சலைப் போலவே இது தோன்றுவதால் மருத்துவருக்கும் ஐயம் எழும். "போன வாரம் வெள்ளச் சேற்றை அள்ளினேன்" என்று நோயாளி சொல்லும் ஒரு சொல் அங்கே பெரிதும் உதவும். தொடக்கத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் நோய் குணமாகும். தாமதித்தால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்பட்டு உயிரே போகலாம்.

மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் இந்நோயைச் சுகாதார அலுவலகத்திற்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் நோயாளி எங்கே வேலை செய்தார், எந்த ஆற்றில் குளித்தார் என்று விசாரிப்பார்கள். அதே நீரில் இறங்கிய மற்றவர்களையும் அப்போதுதான் தேடிச் சென்று எச்சரிக்க முடியும்.