இறைபணியும் விதைநெல்லும்

உயிர் இவ்வுலகிற் செய்தற்குரிய கடமை யாது, அதனைச் செய்பவன் யாவன் என்னும் இரு வினாக்களும் வேறுபோலத் தோன்றினும் விடையால் ஒன்றேயாம். ‘யான் செய்தேன்’ என முனைந்து செய்வானுக்கு நல்வினையும் ஆகாமியமாய்ப் பொன்விலங்காகும். ‘எல்லாம் அவன் செயல், யான் செய்தற்கு யாதுளது?’ என்று வாளா இருப்பானோ தன் மடிமைக்கு மெய்ந்நூலைத் துணைகொள்ளுகின்றான். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இவ்விரண்டனையும் விலக்கி, இறைவனோடு ஒன்றி அவன் பணியில் வழுவாது நிற்றலைக் கூறிற்று. ஆண்டு ஒழியவேண்டுவது பணியன்று. பணியின்கண் எழும் ‘யான்’ என்னும் முனைப்பே என்க.

இதனைச் சோணாட்டு வயல்களினின்றே விளக்கிக்கொள்வாம். திருத்துறைப்பூண்டிக்கு அணித்தாகிய கணமங்கலத்தில் வாழ்ந்த அரிவாட்டாய நாயனார், செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் பெருமானுக்கு அமுதாக்கினார். செல்வம் போயபின் கூலிக்கு நெல்லரிந்து, பெற்ற செந்நெல்லைப் பெருமானுக்கு ஆக்கிக் கார்நெல்லாலே தாம் உண்டார். பசியால் தளர்ந்து வீழத் திருவமுது கமரிற் சிந்தியபோது, வறுமையின்மேற் பழியேற்றாது, ஊட்டும் பேறு தமக்கில்லையாயிற்றே என்று தம்மையே நொந்தார். எஞ்சிய வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. யாம் ஈண்டு நோக்குவது, அத்தொண்டிற்கு அன்பேயன்றிச் செந்நெல்லும் வேண்டியிருந்தது என்பதனை. வயலிற் செந்நெல் விளையாதாயின் அவர் எதனைக் கொணர்ந்திருப்பார்?

1960களில் நாட்டிற் பசி மிக்கபோது, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிய ஏ.டி.டி. 27 முதலிய புதிய நெல்வகைகள் விளைவைப் பெருக்க முன்வந்தன. பசி தீர்த்தலும் அறமே. அதனை யாம் இகழேம். ஆயினும் புதியன பரவப் பரவ, மாப்பிள்ளைச்சம்பா, காட்டுயானம், குள்ளக்கார், பூங்கார் முதலிய பழைய நெல்வகைகள் வயலினின்று அருகின. விதைநெல் சில ஆண்டு விதைக்கப்படாதிருப்பின் முளைக்கும் ஆற்றலை இழக்கும். பின்னர் அதன் பெயர் மட்டுமே நூலில் எஞ்சும்.

2003-ஆம் ஆண்டில் நம்மாழ்வார் தலைமையிற் பூம்புகாரினின்று கல்லணைவரை உழவர் நலங்கருதி ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. அதிற் கலந்துகொண்ட கட்டிமேடு ஜெயராமன், உழவர் சிலரிடம் எஞ்சியிருந்த பழைய விதைகளைக் கண்டு சேர்க்கத் தொடங்கினார். கட்டிமேடும் திருத்துறைப்பூண்டியைச் சார்ந்த ஊரே. பின்னர் ஆதிரங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை பெற்ற உழவர் மறு ஆண்டில் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது ஆண்டைய முறை. 2018 திசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைவதற்குள் மீட்கப்பெற்ற வகைகள் 170-க்கு மேற்பட்டன. உலகம் அவரை ‘நெல் ஜெயராமன்’ என்றே வழங்கிற்று.

அவர் சித்தாந்தம் பயின்றார் என்று யாம் கூறேம். அம்முறையின் இயல்பையே நோக்குகின்றோம். விதையை விலைக்குக் கொண்டவன் அதனைத் தன்னுடைமை என்று கருதுவான். இரண்டு பெற்று நான்கு தரக் கடமைப்பட்டவனோ, தன்வழியாகப் பிறர்க்குச் செல்லும் பொருளென்று கருதுவான். ‘எனது’ என்னும் செருக்குத் தேய்தற்கு வயலும் ஒரு பள்ளியாதல் இதனாற் புலனாம்.

இனி நம் கடமையை நோக்குவாம். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களுக்கும், பல திருக்கோயில்களுக்கும் காவிரிநாட்டில் நன்செய் நிலங்கள் உள. அரிவாட்டாயர் குருபூசை, சம்பா அறுவடையாகும் தைத்திங்களில், திருவாதிரையில் வருகின்றது. பழைய நெல்வகை ஒன்றனை ஒரு மா நிலத்திலேனும் பயிரிட்டு, அவ்வரிசியையே அந்நாளில் நிவேதித்து, விதையை அயலுழவர்க்கு இரண்டுக்கு நான்காக வழங்குதல் அரிய செயலன்று. இதனால் உலகைத் திருத்திவிட்டோம் என்று எண்ணவும் வேண்டா. இத்துணைச் சிறிதால் ஆவதென்னை என்று சோரவும் வேண்டா. மழையும் விளைவும் திருவருளின் வழிய. விதைத்தல் அத்திருவருள் நமக்கிட்ட பணி.