மாம்பழ மஞ்சள் பச்சையானது ஏன்?

எட்டாம் வகுப்பில் நம் ஊர் நெசவுத்தொழில் பற்றிய படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பட்டுச்சேலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என் வகுப்பில் பலர் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டாவது படம் வந்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், அது அரக்குச் சேலை. கறுப்பாத் தெரியுது. பக்கத்துல இருக்கிறது மாம்பழக் கலரு, அது பச்சையா வருது. சிவப்பு மட்டும் வரல சார்.”

புரொஜெக்டர் பழசாகிவிட்டது, பழுதான பொருள்கள் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று அந்த வாரம்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னதைக் கேட்டபின் இணைப்பை அணைத்துவிட்டு, நீலத் தலை கொண்ட விஜிஏ கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். மேல் வரிசையின் முதல் ஊசி வளைந்து கிடந்தது. மெதுவாக நிமிர்த்திச் செருகியதும் அரக்கு அரக்காகவும் மாம்பழம் மாம்பழமாகவும் திரும்பின.

ஆனால் இன்னொரு குறை மிச்சமிருந்தது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் இரண்டு வாரமாக “எழுத்து தெரியல சார்” என்று சொல்லிவந்தான். கண் பரிசோதனை செய்யும்படி வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். பரிசோதனையில் பார்வைக் குறை எதுவும் இல்லை. பிறகு ஏன் தெரியவில்லை? அதற்கு விடை காண இந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது?

ஆறாம் வகுப்பு அறிவியலில் கணினியின் பாகங்கள் பாடத்தில் விஜிஏ கேபிளின் பெயர் வருகிறது. ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் இதை அறிமுகப்படுத்தியது. மூன்று வரிசையில் வரிசைக்கு ஐந்தாக 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. 1ஆம் ஊசி சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 13, 14 ஆகிய இரண்டும் ஒரு வரி எப்போது தொடங்குகிறது, ஒரு முழுப் படம் எப்போது தொடங்குகிறது என்று திரைக்குத் தாளம் தட்டுபவை. 12, 15 ஆகியவை வழியே திரை தன்னைப் பற்றிய விவரத்தைக் கணினிக்குச் சொல்கிறது. மீதியில் பல தரை இணைப்புகள். பல கேபிள்களில் 9ஆம் ஊசி இருக்காது. அது உடைந்து போனதல்ல, தயாரிப்பே அப்படித்தான்.

ஒளியில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். சிவப்பை எடுத்துவிட்டால் பச்சைதான் மிஞ்சும். அரக்கில் பெரும்பங்கு சிவப்பு, அது போனால் கறுப்பு. அம்மாணவி சாயம் தோய்க்கும் வீட்டிலிருந்து வந்தவள். மின்னணுவியல் படிக்காமலே பழுது எந்தக் கம்பியில் என்று சொல்லிவிட்டாள்.

கட்டத்தாளும் திரையும்

தெளிவுத்திறனை விளக்க எங்கள் ஊரில் நல்ல பொருள் இருக்கிறது: ஜக்கார்டு தறிக்கு வடிவம் வரையும் கட்டத்தாள். புட்டாவோ மயிலோ, எல்லாம் சிறு சிறு கட்டங்களாக நிரப்பப்படும். திரையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். 1024 × 768 என்றால் குறுக்கே 1024 கட்டம், மேலிருந்து கீழாக 768 வரி.

அனலாக் கேபிளின் சிறப்பும் குறையும் இங்கேதான் இருக்கின்றன. அது கட்டங்களை எண்ணி அனுப்புவதில்லை. ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 0 முதல் 0.7 வோல்ட் வரையிலான மின்னழுத்த ஏற்ற இறக்கமாகத் தொடர்ந்து அனுப்புகிறது. பழைய குழாய்த் திரைக்கு அது போதும், எலக்ட்ரான் கற்றை அப்படியே வரைந்துகொண்டு போகும். இன்றைய தட்டைத் திரையும் புரொஜெக்டரும் அப்படியல்ல. வருகிற அலையைத் தாமே கட்டங்களாக நறுக்க வேண்டும். நறுக்கும் இடம் சற்றுப் பிசகினாலும் எழுத்து மங்கும்.

கணக்கு வகுப்புக்கு ஒரு பயிற்சி

640 × 480 திரையில் 3,07,200 கட்டங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க இடைவெளி தேவைப்படுவதால், அலை உண்மையில் 800 × 525 கட்ட அளவுக்கு ஓடுகிறது. நொடிக்கு 60 படம் என்றால் 800 × 525 × 60, ஏறத்தாழ 2.5 கோடி. இதே வகைக் கணக்கில், நொடிக்கு 60 படத்திற்கு:

800 × 600 – 4 கோடி
1024 × 768 – 6.5 கோடி
1280 × 1024 – 10.8 கோடி
1920 × 1080 – 14.85 கோடி

கடைசி வரியில் ஒரு கட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஏழு பங்குக்கும் குறைவு. அதற்குள் மின்னழுத்தம் ஏறி இறங்க வேண்டும். மெல்லிய, நீளமான கேபிளில் அது முடியாமல் ஓரங்கள் மழுங்கும். இணைப்பு சரியில்லாவிட்டால் அலை எதிரொலித்து, எழுத்தின் வலப்பக்கம் நிழல் விழும்.

எனவே “இந்தக் கேபிள் எத்தனை பிக்சல் தாங்கும்?” என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை இல்லை. கணினி எதை அனுப்ப முடியும், கேபிளின் தரமும் நீளமும் என்ன, திரை எதை ஏற்கும் என்ற மூன்றில் எது குறைவோ அதுவே எல்லை. குட்டையான நல்ல கேபிளில் 1920 × 1080 தெளிவாக வருவதுண்டு. அதுவே சுவரோரமாக 15 மீட்டர் ஓடிவரும் மலிவான கேபிளில் மங்கும்.

கடைசி வரிசையின் சிக்கல்

எங்கள் புரொஜெக்டரின் இயல்பான தெளிவுத்திறன் 1024 × 768. மடிக்கணினி அனுப்பிக்கொண்டிருந்ததோ 1366 × 768. கட்டத்தாளில் 120 கட்டத்தில் வரைந்த மயிலை 90 கொக்கியில் நெய்யச் சொன்னால் என்ன ஆகும்? மயில் ஒடுங்கும், மூக்கின் மெல்லிய கோடு காணாமல் போகும். தமிழ் எழுத்தின் சுழிக்கும் புள்ளிக்கும் அதுதான் நடந்தது. முன்வரிசைக்குச் சமாளிக்க முடிந்தது, பின்வரிசைக்கு முடியவில்லை. கணினியின் திரை அமைப்பில் 1024 × 768 என்று மாற்றினேன். புரொஜெக்டரில் ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். வேறு செலவு எதுவும் ஆகவில்லை.

பள்ளியில் செய்து பார்க்க

1. படத்தில் ஒரு நிறம் குறைந்தால், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையிடுங்கள். நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை, இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை இல்லை, மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் இல்லை. மின்சாரத்தை அணைத்த பின் ஊசிகளைப் பாருங்கள்.

2. திரையின் இயல்பான தெளிவுத்திறனைக் கையேட்டிலோ கருவியின் தகவல் பக்கத்திலோ பார்த்து, கணினியிலும் அதையே வையுங்கள்.

3. கணினி குறைந்த தெளிவுத்திறன்களை மட்டும் காட்டினால் 12, 15ஆம் ஊசிகளின் இணைப்பைச் சந்தேகிக்கலாம். வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

4. விஜிஏ வழியே ஒலி வராது. ஒலிபெருக்கிக்குத் தனிக் கம்பி வேண்டும். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புதிய மடிக்கணினியை விஜிஏ புரொஜெக்டருடன் இணைக்க வெறும் கம்பி போதாது, இலக்க அலையை அனலாக்காக மாற்றும் மாற்றி வேண்டும்.

5. கேபிளை இறுக்கமாகச் சுருட்டாதீர்கள். இருபுறத் திருகுகளையும் கையால் முடுக்குங்கள். தொங்கும் கேபிளின் எடை ஊசிகளின் மேல் விழக் கூடாது.

இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் விஜிஏவை 2015க்குள் கைவிடப்போவதாக 2010இலேயே அறிவித்துவிட்டன. ஆனாலும் நம் வகுப்பறைகளில் அது இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது இருக்கும் வரை அதன் பழுதை அறிவது நம் வேலைதான்.

மறுநாள் பாடத்தில் அந்தக் கடைசி வரிசை மாணவனைத் திரையில் உள்ளதைப் படிக்கச் சொன்னேன். இருந்த இடத்திலேயே எழுந்து நின்று தடங்கலில்லாமல் படித்து முடித்தான். “தெரியல சார்” என்று ஒரு பிள்ளை சொன்னால் இப்போதெல்லாம் முதலில் நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன்.