கடைசி ஹெக்சேனோடு போகும் மல்லிகை மணம்

குண்டுமல்லியையும் ஜாதிமல்லியையும் ஹெக்சேனில் ஊறவைக்கும்போது மணத்தோடு மெழுகும் நிறமியும் சேர்ந்தே கரைகின்றன. ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்தபின் பாத்திரத்தில் தங்கும் மெழுகுக் கட்டிக்குத் தொழிலில் ‘காங்கிரீட்’ என்று பெயர். நூறு கிலோ ஜாதிமல்லிக்கு ஏறத்தாழ 300 கிராம்தான் தேறும். அதனால் ஆவியாக்கும் கட்டத்தில் நேரும் சிறு இழப்பும் கையைக் கடிக்கும்.

ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி செல்சியஸ். மல்லிகை மணத்தின் முக்கியக் கூறான பென்சைல் அசிடேட்டுக்கு அது சுமார் 213, லினலூலுக்கு 198, இண்டோலுக்கு 254. இவ்வளவு இடைவெளி இருந்தும் மணம் தப்பிப் போகிறது. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. பூ கொதித்தா தெருவெல்லாம் மணக்கிறது?

இழப்பின் பெரும்பகுதி நேர்வது முடிவில். தொடக்கத்தில் வேகமாக ஆவியாகும் ஹெக்சேன் கரைசலின் வெப்பத்தைத் தானே எடுத்துக்கொண்டு போவதால், வெந்நீர்த் தொட்டி சூடாக இருந்தாலும் கரைசல் குளிர்ந்தே இருக்கும். ஹெக்சேன் குறையக் குறைய அந்தக் காப்பு போய்விடுகிறது. மிச்சம் தொட்டியின் சூட்டை எட்டுகிறது. கெட்டியான மெழுகுக்குள் சிக்கிய ஹெக்சேனோ எளிதில் வெளிவருவதில்லை. பொறுமை இழந்து சூட்டைக் கூட்டி, வேக்குவம் பம்பையும் முழுமையாகத் திறப்பதுதான் பழகாத கை வழக்கமாகச் செய்யும் தவறு. அப்போது முதலில் போவது பூவின் புத்துணர்ச்சியான மேல்மணம்.

காற்றழுத்தத்தைச் சுமார் 370 மில்லிபாருக்கு இறக்கினால் ஹெக்சேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். தொட்டி அதைவிட 20 டிகிரி கூடுதலாகவும், குளிர்விக்கும் நீர் 20 டிகிரி குறைவாகவும் இருப்பது ஆய்வுக்கூட வழக்கம். முடிவு நெருங்கும்போது தொட்டியின் சூட்டை 40க்குக் குறைத்துவிடுவது நல்லது. அழுத்தத்தைப் படிப்படியாகவே இறக்க வேண்டும். இல்லையேல் மெழுகுள்ள கரைசல் நுரைத்துப் பொங்கும். குடுவையைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது.

ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெக்சேனைக் கிளப்பச் சிறிது எத்தனால் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்த கலவை 58.7 டிகிரியில், அதாவது இரண்டின் தனிக் கொதிநிலைக்கும் கீழே, ஒன்றாகக் கொதித்து வெளியேறும். காங்கிரீட்டை எப்படியும் எத்தனாலில் கரைத்து, நன்கு குளிரவைத்து, உறையும் மெழுகை வடிகட்டித்தான் ‘அப்சொல்யூட்’ எடுக்கிறார்கள் என்பதால் இதில் புதுப் பொருள் எதுவும் நுழைவதில்லை. பிறகு எத்தனாலை நீக்கும்போதும் இதே நிதானம் வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தராசு சொல்லும். குடுவையை அவ்வப்போது நிறுத்தால், முதலில் எடை மளமளவெனக் குறையும். பின்னர் நகர்ந்து நகர்ந்து இறங்கும். அந்த மெதுவான இறக்கத்தில் மணமும் சேர்ந்தே குறைகிறது. ஹெக்சேன் எவ்வளவு மிஞ்சலாம் என்ற வரம்பை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

மலிவான ஹெக்சேனில் கொதிநிலை கூடிய பிசுக்கு கலந்திருக்கும். எவ்வளவு பக்குவமாக ஆவியாக்கினாலும் அது பூவோடு தங்கி மண்ணெண்ணெய் வாடை தரும். ஆகவே முன்கூட்டியே வடித்து, வடிப்பின் கடைசிப் பகுதியை ஒதுக்கிவிடுவது அவசியம்.

வடித்து மீட்ட ஹெக்சேனில் ஒரு துளியை உறிஞ்சுதாளில் விட்டு உலரவைத்து முகர்ந்தால் உண்மை தெரியும். தாளில் மல்லிகை மணம் நின்றால், அத்தனையும் குடுவையிலிருந்து போனதே. அந்த ஹெக்சேனை அடுத்த மல்லிகைக்கே ஊற்றினால் ஓரளவு திரும்பக் கிடைக்கும்; சம்பங்கிக்கு ஊற்றினால் இரண்டு மணமும் கெடும்.