பரளச்சி டூ பினாங்கு: நாலு பேர், நாலு பை, ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

செமஸ்டர் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் முளைக்கும். பேர் பெரும்பாலும் 'கோவா கன்ஃபார்ம்'. அது எப்படி முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்: கொடைக்கானல், அது இல்லையென்றால் குற்றாலம், அதுவும் இல்லையென்றால் அருப்புக்கோட்டையில் ஆளுக்கு ரெண்டு பரோட்டா. பரோட்டாவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மலேசியா, தாய்லாந்துப் பக்கம் நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய், தீவு தீவாய்ப் போய் வருவது நீங்க நினைக்கிற அளவுக்கு எட்டாத காரியம் இல்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். பரளச்சியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டை, மதுரை மாறித் திருச்சி போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

நம்ம கரிசல் காட்டுக்கு அக்கரைச் சீமை புதுசும் இல்லை. பரளச்சி, திருச்சுழி எல்லாம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், கண்மாய் நிறையாத வருஷங்களில் இந்த வறண்ட பக்கங்களிலிருந்து ஆட்கள் மலாயாவுக்குப் போனார்கள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். சேருகிறவர்கள் ஒரே ஊர், ஒரே தெரு, மாமன் மச்சான், பங்காளி. அதாவது அவர்களும் கூட்டாளிகளோடுதான் கிளம்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல், பினாங்கில் இறக்கம், அதற்கு முன்னால் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பலின் பேரை வயசான சிலர் இன்னும் சொல்வார்கள்; 1970களின் தொடக்கம் வரை அது இந்தப் பாதையில் ஓடியது. தோட்ட வேலைக்கு இப்படி ஆள் சேர்த்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது.

அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பை இல்லை, கேமரா இல்லை. திரும்பி வரும் நாள் அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தப் பாடத்தைப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்: முதலில் போட வேண்டியது திரும்பி வரும் டிக்கெட்.

காகித வேலை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்பவே விண்ணப்பியுங்க. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 10 வருஷம் செல்லும். போலீஸ் சரிபார்ப்புக்கு ஊர் ஸ்டேஷனிலிருந்து வருவார்கள்; ஹாஸ்டல் முகவரி, வீட்டு முகவரி குழப்பத்தில்தான் பாதிப் பேருக்கு இழுத்துக்கொண்டு போகும். பத்தாம் வகுப்பு பாஸ் என்று காட்டினால் ஈ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். பயணத் தேதியிலிருந்து குறைந்தது 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

விசா விஷயத்தில் இந்தியர்களுக்கு இப்ப நல்ல காலம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாளுக்கு விசா கேட்பதில்லை. அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. இதெல்லாம் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுகிற அன்றைக்குத் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்க. சிங்கப்பூருக்கு மட்டும் முன்கூட்டியே விசா வேண்டும். 'பக்கத்துலதானே, ஒரு எட்டு போயிட்டு வருவோம்' நடக்காது. மலேசியா, தாய்லாந்து ரெண்டுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள். இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வருகிற பளபளப்பான தளம் டாலரில் காசு கேட்டால், அது அரசுத் தளம் இல்லை.

விசா வேண்டாம் என்பதற்கு 'உள்ளே விட்டே ஆகணும்' என்று அர்த்தம் இல்லை. கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரி மூணு விஷயம் பார்ப்பார்: எங்கே தங்கப் போறே, கையில் எவ்வளவு இருக்கு, எப்போ திரும்புறே. நாலு பேரும் நாலு பதில் சொன்னால் சந்தேகம் வரும். பதில் சரியில்லை என்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், கார்டு, கொஞ்சம் ரொக்கம் நாலு பேரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். 'எல்லாம் அவன் போன்ல இருக்கு சார்' என்பது பதில் இல்லை. அந்த அவன் பக்கத்து வரிசையில் நிற்பான்.

பாதைக்கு வருவோம். ஒரே பயணத்தில் அஞ்சு நாடு பார்க்க நினைக்காதீங்க, அஞ்சு பஸ் ஸ்டாண்டுதான் மிஞ்சும். என் கணக்கில் பத்து நாளுக்கு ஒரே கோடு போதும்: கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி, லிப்பே, ஹட்யாய், பாங்காக். போவது கோலாலம்பூருக்கு, திரும்புவது பாங்காக்கிலிருந்து சென்னைக்கு. வந்த வழியே திரும்பிப் போகும் ரெண்டு நாள் மிச்சம்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு. ஜார்ஜ் டவுனுக்குக் குறைந்தது ரெண்டு நாள் கொடுங்க. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்த ஊர். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் வந்தது. நாசி கண்டார் கடையில் சோறு வாங்குங்க; தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரிக் கம்பில் இருபக்கமும் தூக்கிக்கொண்டு போய் விற்ற சாப்பாடு அது, 'கண்டார்' என்ற சொல்லே அந்தக் கம்புதான். பாங்காக் சீலோம் சாலையிலும் மாரியம்மன் இருக்கிறாள், சிங்கப்பூரில் இருக்கிறாள், ஹோ சி மின் நகரிலும் இருக்கிறாள். மழை கேட்டு நாம் பொங்கல் வைக்கிற சாமி, பாதி வருஷம் மழை கொட்டுகிற ஊராகப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள்! நம்ம ஊர்ப் பெரிய மனுஷர்கள் யாராவது இதை அவளிடம் கேட்க வேண்டும்.

வடக்கே கெடா மாநிலம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம் இதுதான். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கோயில் அடித்தளங்களைப் பார்க்கலாம். சிவில் மாணவர்கள் கூட வந்தால் அரை நாள் அதிகம் ஒதுக்குங்க.

தீவுகளில்தான் கணக்கு தப்பும். கோலா கெடாவிலிருந்து லங்காவிக்கு வருஷம் முழுக்க ஃபெர்ரி உண்டு. லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லிப்பேவுக்குப் போகும் படகு சீசனுக்கு மட்டும், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளுங்க. நம்ம கேரளத்தில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கத்தையும் புரட்டுகிறது. உங்க கோடை லீவு சரியாக அதில் போய் மாட்டும். அப்படியானால் லிப்பேவை விட்டுவிட்டு, கோலா பெர்லிஸ் இறங்கி, பாடாங் பெசார் எல்லையில் தாய்லாந்து ரயிலைப் பிடிக்கலாம். அங்கே ஒரு கண்ணி: மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், தாய்லாந்து நேரம் ஒன்றரை மணி முன்னால். ஒரே ஸ்டேஷனில் ரெண்டு நாட்டு ரயில். டிக்கெட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று பார்த்தபிறகு டீ குடிக்கப் போங்க.

தீவில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் அந்தக் கடையே வேண்டாம். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்க. அது இல்லாமல் விழுந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும்.

இனி காசு. நட்பு உடைவது மலையில் இல்லை, பில்லில். என் கருத்து கறாரானது: குழுவில் யார் கையில் காசு குறைவோ அவன் பட்ஜெட்தான் குழுவின் பட்ஜெட். மிளகாய் விலை கிடைக்காத வருஷத்தில் ஒருத்தன் வீட்டில் கேட்டு வாங்கி வந்த தொகையும், இன்னொருத்தன் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய தொகையும் ஒன்றில்லை. குறைவாக வைத்திருப்பவன் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். அதனால் கிளம்பும் முன்பே நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டில் தன்னால் முடிந்த தொகையைப் பேர் போடாமல் எழுதிப் போடுங்க. சின்னத் தொகை எதுவோ அதை வைத்துத் திட்டம்.

கணக்கு எழுதும் முறை இது. முத்து அறைக்கு 18,000, கார்த்தி படகு, ரயிலுக்கு 9,200, பாண்டி சாப்பாட்டுக்கு 6,800, செல்வம் 2,000 செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. மொத்தம் 36,000, தலைக்கு 9,000. முத்துவுக்கு 9,000 வரணும், கார்த்திக்கு 200 வரணும், பாண்டி 2,200 தரணும், செல்வம் 7,000 தரணும். கூட்டினால் பூஜ்யம்; பூஜ்யம் வரவில்லை என்றால் யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். செல்வம் 7,000ஐ முத்துவுக்கு, பாண்டி 2,000 முத்துவுக்கு, 200 கார்த்திக்கு. மூணே பரிமாற்றம். எத்தனை பேர் இருந்தாலும் அதில் ஒன்று குறைந்த எண்ணிக்கைக்கு மேல் பரிமாற்றம் தேவைப்படாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் நிரூபித்துப் பாருங்க. பீர் குடிக்கிறவன் செலவு பொதுக் கணக்கில் வரக்கூடாது, அது தனி. தாய்லாந்து ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். நாலு பேர் தனித்தனியாக எடுத்தால் நம்ம காசில் ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் காணாமல் போகும். ஒருத்தர் மொத்தமாக எடுத்துப் பிரிப்பது நல்லது.

அடுத்தது விளையாட்டு இல்லை. விமான நிலையத்தில் 'தம்பி, நம்ம ஊருதானா? இந்த ஒரு பார்சலை மட்டும்...' என்று யார் தமிழில் கேட்டாலும் வாங்காதீங்க. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா மூன்றிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கதான்.

இன்னொன்று, நம்ம மாதிரிப் படிப்புக்காரர்களைக் குறிவைத்தே வருவது. 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று. தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் மாட்டி மீண்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை விமானப் படை விமானங்கள் கூட்டி வந்தன. வேலை என்று நம்பிப் போனவர்கள் இறங்கியது, நீங்க டூருக்கு இறங்கப்போகிற அதே பாங்காக்கில். உள்ளே நுழைந்ததும் அதே டூரிஸ்ட் வழியில்.

அப்பத்தாக்கள் சொன்ன கங்காணிக் கதைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: தெரிந்த முகம், முன்பணம், 'போய்ப் பாத்துக்கலாம்' என்ற வார்த்தை. அடையாளம் சுலபம். வேலை என்கிறார்கள், ஆனால் டூரிஸ்டாக வரச் சொல்கிறார்கள் என்றால் அது வேலை இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன்பே வேலை விசா கைக்கு வரும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கு அரசு உரிம எண் உண்டு, இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ரிட்டர்ன் டிக்கெட் வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்க. பயணத்தின் நடுவில் நாலு பேரில் ஒருத்தனுக்கு இப்படி அழைப்பு வந்து, 'நீங்க போங்கடா, நான் ஒரு இன்டர்வியூ பாத்துட்டு வர்றேன்' என்றால், மற்ற மூணு பேரும் அவனை விட்டுவிட்டு விமானம் ஏறக்கூடாது. சண்டை வந்தாலும் பரவாயில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பை 7 கிலோவுக்குள் இருக்கிறதா என்று எடை போடுங்க. மலிவு விமானங்களில் கையோடு எடுத்துப்போக அவ்வளவுதான் இலவசம், பரளச்சியில் எந்த மளிகைக் கடைத் தராசும் போதும். பாஸ்போர்ட் நகல், விமான எண், தங்கும் இடங்களின் பட்டியல், இந்தியத் தூதரக எண், மற்ற மூணு பேர் வீட்டு எண், எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்க. அம்மாவுக்கு வாட்ஸ்அப் தெரியும் என்றாலும் தாள் இருக்கட்டும். அதில் கடைசி வரி, திரும்பி வந்து இறங்கும் தேதியும் நேரமும்.